ஓனெய்டா கை தூக்கவில்லை

ஆர்லி ஸ்லோன் ஞானஸ்நான முழுக்கு எடுக்கப் போகிறான் என்ற சேதி பிரஷி ஓடைப் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவ அரை நாள்கூட ஆகவில்லை. பரவாமல் என்ன செய்யும்? முப்பது வருஷமாகப் பெண்டாட்டியைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடிகிற வரைக்கும் பிக்கப் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து ரேடியோ கேட்டவன் அவன். "உள்ள வாய்யா, கூரை இடிஞ்சா விழுந்துடும்?" என்று யாராவது கேட்டால், "விழுந்துட்டா நல்லவங்க எல்லாரும் ஒரே நாள்ல போயிடுவீங்களே, அதான் பயமா இருக்கு" என்பான். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவார்கள்.

அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பக்கத்து அந்தச் சிறிய சபையில் யாரையும் வா வா என்று கையைப் பிடித்து இழுப்பதில்லை. தேவன் கூப்பிடும்போது வருவான் என்று விட்டுவிடுவார்கள். தலை நரைத்த பிறகு வந்தவர்கள் உண்டு. தடி ஊன்றி வந்து ஓடையில் இறங்கியவர்களும் உண்டு. வருகிறவன் எல்லோர் முன்னாலும் நின்று, தேவன் தன்னை எப்படிப் பிடித்தார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சபை அதைக் கேட்கும், பிறகு கை தூக்கும். எல்லாக் கையும் எழ வேண்டும். ஒரு கை குறைந்தாலும் அவன் வெளியேதான். அப்படி ஒரு கை குறைந்ததாக அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை.

அந்த அக்டோபர் மாதம் கடையிலும் தபால் ஆபீஸிலும் பார்த்தவர்களெல்லாம் ஆர்லியின் மனைவி ஓனெய்டாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "உன் ஜெபத்தைக் கேட்டுட்டாரு பாத்தியா?" என்றார்கள். அவள் மரம் மாதிரி நின்றாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை கட்டிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது எங்கே போய்க் குத்தியது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவளுடைய ஒரே மகள் ஷைலா ஜூலை மாத வெள்ளத்தில் போனாள். இருபத்தாறு வயசு. ஓடைக்குக் கீழ்ப்புறம் ஒரு டிரெய்லர் வீட்டில் தனியாக இருந்துகொண்டு, வருகிறவர்களுக்கு முடி வெட்டிச் சாயம் போட்டுப் பிழைத்தாள். பெண்கள் முடியில் கத்தரி படக்கூடாது என்கிற சபையில் பிறந்தவளுக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள். அதைச் சொல்லி அவளே சிரிப்பாள். மாதத்துக்கு ஒரு நிறத்தில் தலையை வைத்துக்கொண்டு கோயில் சாப்பாட்டுக்கு வந்து, சபையை நடத்துகிற மூப்பர் வெர்லன் பக்கத்திலேயே உட்கார்ந்து, "பிரதர், உங்க புருவத்தை மட்டுமாவது நான் கொஞ்சம் ஒழுங்கு பண்ணட்டுமா?" என்பாள். அந்த மனுஷனும் சிரிப்பார். அவளைப் பிடிக்காதவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை.

அதே வெர்லன்தான் அவள் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பிரசங்கத்துக்கென்று ராகம் போடுகிற குரலில் சொன்னார்: தகப்பனைத் தேவன் எத்தனையோ முறை கூப்பிட்டார், தகப்பன் வரவில்லை, அதனால் தோட்டத்துப் பூவைப் பறித்துத் தகப்பனுக்குக் காட்டினார் என்று. கூட்டம் 'ஆமென்' போட்டது. முன் வரிசையில் ஆர்லி முகத்தைத் தொப்பிக்குள் புதைத்துக்கொண்டான். ஓனெய்டாவுக்குக் காது அடைத்துவிட்டது. ஏனென்றால் முப்பது வருஷமாக அவள் படுக்கப் போகும்போது முழங்காலில் நின்று சொன்ன ஜெபம் ஒன்றுதான்: "ஆண்டவரே, என்ன செய்தாவது அவரைக் கொண்டுவாரும்."

என்ன செய்தாவது. அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். குடிகார மகனுக்கும் கோயிலுக்கு வராத புருஷனுக்கும் அதுதான் வழக்கமான ஜெபம். கேட்கும்போது அவள் மனசில் இருந்தது என்ன? நிலக்கரி லாரி ஓட்டுகிறவன், வண்டி கொஞ்சம் சரிந்து கால் முறியலாம். வேலை போகலாம். நெஞ்சு வலி வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழலாம். மகளை அவள் அந்தப் பேச்சுக்குள் சேர்க்கவே இல்லை. இப்போது வெர்லன் சொல்வது நிஜமென்றால், அந்தப் பெட்டியை வாங்கிக்கொடுத்தது தாயின் வாய்தான்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் ஆர்லியின் அக்கா ட்ரெஸ்ஸி வெள்ளைச் சட்டையும் கம்பளியுமாக வந்து சேர்ந்தாள். ஓனெய்டா சமையலறையில் நாளைய சாப்பாட்டுக்கு ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். ட்ரெஸ்ஸிக்கு வாயும் பெரிசு, மனசும் பெரிசு. இரண்டில் எது முந்தும் என்று சொல்ல முடியாது.

"தண்ணி சில்லுனு இருக்கும். வெளிய வந்ததும் இந்தக் கம்பளியைச் சுத்திடு. ஏன் ஓனி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நீ கேட்டதுதானே நடக்குது?"

"நான் கேட்டது இது இல்ல அண்ணி."

"அவரோட வழியெல்லாம் நமக்கு வெளங்குமா? நம்ம புள்ள மோட்சத்துல இருந்து பாத்துக்கிட்டிருக்கும். தன்னால அப்பா வந்தாரேன்னு சந்தோஷப்படும்."

"ஷைலாவா? அவளைத் தெரிஞ்சுதான் பேசறீங்களா? தன்னை வச்சு அப்பாவுக்குத் தூண்டில் போட்டாங்கன்னு தெரிஞ்சா, மோட்சத்துல ஒரு நாற்காலிகூட உடையாம மிச்சம் இருக்காது."

ட்ரெஸ்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே, சிரித்தது தப்பு என்று தோன்றி அழுதாள். "அப்படிப் பேசாதே ஓனி. ஒரு காரணமும் இல்லன்னா எப்படித் தாங்கறது?" என்றாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று சொல்ல ஓனெய்டாவுக்கு நாக்கு துடித்தது. ஆனால் ஷைலாவைத் தூக்கி வளர்த்தவள் ட்ரெஸ்ஸி. அவளுக்கும் அது வந்துதான் இருந்தது. அதனால் ஓனெய்டா ஆப்பிளை நறுக்கினாள்.

ட்ரெஸ்ஸி போன பிறகு ஆர்லி கொல்லைப்புறக் கதவு வழியாக வந்தான். மூன்று மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டான். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தான். பீன்ஸும் சோளரொட்டியும் எடுத்து வைத்தாள். ரொட்டியை உடைத்துப் போட்டானே தவிர வாயில் வைக்கவில்லை.

"நாளைக்கு என்ன சொல்லப் போற?" என்று கேட்டாள்.

"நடந்ததைத்தான்."

"என்ன நடந்துச்சு?"

"கூப்பிட்டாரு. வரலை. எடுத்துக்கிட்டாரு." ரொட்டித் துண்டை விரலால் நசுக்கினான். "நான் முன்னாலயே வந்திருந்தா அவ இருந்திருப்பா, ஓனி. என்னாலதான். இப்பவாவது போகலைன்னா அவ செத்தது வீணாயிடும்."

"அப்ப நீ பயந்துக்கிட்டுப் போற."

"பயம் இல்ல. குடுக்க வேண்டியதைக் குடுத்துடறேன்."

"அவர் அப்படிப்பட்டவரா ஆர்லி? வரலைன்னா புள்ளையக் கொல்றவரா? அப்படி ஒருத்தன் இந்தப் பள்ளத்தாக்குல இருந்தா நீயே துப்பாக்கிய எடுத்துக்கிட்டுப் போயிருக்க மாட்ட?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. விட்டுவிடு என்கிற கெஞ்சல்தான் இருந்தது. "இதையாவது எனக்கு விட்டு வை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அந்தத் தட்டை அவள் அப்படியே குப்பையில் கொட்டினாள். புருஷன் மேல் வந்த கோபமா, தேவன் மேல் வந்ததா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேரும் பேச மாட்டேன் என்கிறார்களே.

ஒன்று மட்டும் நான் சொல்லிவிட வேண்டும். ஓனெய்டாவுக்கு விசுவாசம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இல்லாத ஆள் மேல் யாராவது இவ்வளவு கோபப்படுவார்களா? வெள்ளத்துக்குப் பிறகும் அவள் ஒரு நாள் ஜெபத்தை விட்டதில்லை. ஆனால் முழங்காலில் நிற்பதை விட்டுவிட்டாள். நின்றுகொண்டே, இடுப்பில் கை வைத்துக்கொண்டே கேட்டாள்: ஏன்?

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. அங்கே வாத்தியம் கிடையாது. வெர்லன் ஒரு வரியை வேகமாகச் சொல்ல, சபை அதை வாங்கி நீட்டி நீட்டி இழுக்கும். வெளியிலிருந்து கேட்டால் மலையே அழுகிற மாதிரி இருக்கும். ஆண்கள் ஒருவரையொருவர் கை குலுக்கித் தோளில் சாய்ந்துகொண்டார்கள். பிரசங்கம் முடிந்து பாட்டு ஆரம்பித்ததும் ஆர்லி கடைசி வரிசையிலிருந்து எழுந்து நடந்து வந்தான். அவன் காலடிச் சத்தம் கேட்டதுமே பெண்கள் பக்கம் அழுகை கிளம்பிவிட்டது.

அவன் எல்லோருக்கும் முன்னால் நின்றான். வெள்ளைச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. முந்தின நாள் சொன்னதைத்தான் சொன்னான். தேவன் கூப்பிட்டதைச் சொன்னான், தன் பிடிவாதத்தைச் சொன்னான், மகளைச் சொன்னான். "என் கழுத்தை வளைக்க அவருக்கு வேற வழி இல்லாம பண்ணிட்டேன்" என்று முடித்தான். நிறைய அழுகை, நிறைய 'ஆமென்'. வயசான ஒருவர் எழுந்து, இந்த மனுஷனைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முன்மொழிந்தார். இன்னொருவர் வழிமொழிந்தார். "சம்மதம் உள்ளவங்க கையைத் தூக்குங்க" என்றார் வெர்லன்.

கைகள் எழுந்தன. வெர்லன் கண்ணீரோடு சிரித்துக்கொண்டே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டாம் வரிசையில் அவர் கண் நின்றது. ஓனெய்டாவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

அழுகையில் கவனிக்கவில்லை என்று அவர் நினைத்தார். "சிஸ்டர் ஓனெய்டா, கை தூக்கச் சொன்னேன்" என்றார் மெதுவாக.

"காதுல விழுந்துச்சு பிரதர்."

"கை ஏதும் வலிக்குதா?"

"கை நல்லாத்தான் இருக்கு. தூக்கலை."

பக்கத்திலிருந்த ட்ரெஸ்ஸி அவள் முழங்கையை இடித்தாள். "பைத்தியமா உனக்கு? தூக்குடி!" என்று பல்லைக் கடித்தாள். அந்தச் சபையில் பெண்கள் பாடலாம், அழலாம், ஆவி வந்தால் எழுந்து கத்தவும் செய்யலாம். சபை விஷயம் பேசும்போது மட்டும் வாய் திறக்கக் கூடாது. கைதான் அவர்களுடையது, அதையும் தூக்கு என்றால் தூக்கித்தான் பழக்கம். இன்றைக்கு ஒருத்தி, முப்பது வருஷமாக எவனுக்காக அழுதாளோ அவனையே வாசலில் நிறுத்திவிட்டாள்.

ஆர்லி திரும்பிப் பார்த்தான். "ஓனி..." என்றான்.

வெர்லன் கெட்ட மனுஷர் இல்லை. தர்மசங்கடத்தோடு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு கை எழும்பலைன்னா காரணம் கேக்கணும்கறது சபை விதி. அதனால நீங்க பேசலாம். என்ன காரணம்?" என்றார்.

ஓனெய்டா எழுந்தாள். முன் வரிசை இருக்கையின் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவர் சொன்ன ஆள் என் தேவன் இல்ல. இல்லாத ஆள் பேரைச் சொல்லிக்கிட்டு வர்றவரை எப்படிச் சேக்கறது?" என்றாள். "பிரதர், ஒண்ணு கேக்கறேன். நாங்க எல்லாரும் போக வேண்டிய சாவுக்கு ஒருத்தர் போயிட்டாரு, ஒரே தடவை, அதுக்கு மேல யாரும் எதுவும் குடுக்க வேண்டாம்னு நாப்பது வருஷமா இந்த இடத்துல நின்னு நீங்கதான் சொல்றீங்க. சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"அப்ப எம்பொண்ணு எதுக்கு? ஏசு செத்தது பத்தலையா? ஆர்லி ஸ்லோனுக்கு மட்டும் தனியா ஒரு உசுரு தேவைப்பட்டுச்சா? தன் புள்ளையக் குடுத்தவருக்கு என் புள்ளை எதுக்குங்க?"

யாரோ 'ஆமென்' என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்கிவிட்டார்கள்.

வெர்லன் பிரசங்கப் பலகையில் கையை ஊன்றிக்கொண்டார். அவர் பேசியபோது குரலில் அந்த ராகம் இல்லை. "சிஸ்டர், நான் ரெண்டு பிள்ளைகளைப் பொதச்சவன். உங்களுக்கே தெரியும். ஒண்ணு காய்ச்சல்ல, ஒண்ணு சுரங்கத்துல. அதுக்கு ஒரு காரணம் இருக்குன்னு பிடிச்சுக்கலைன்னா, நான் காலையில எந்திரிச்சே இருக்க மாட்டேன்."

"தெரியும் பிரதர். அந்தக் காரணம் உங்களுக்கு ஊணுகம்பு. அதை நான் பிடுங்க மாட்டேன், ஊனிக்கிட்டு நடங்க. ஆனா அதை எடுத்து என் மகளை அடிக்காதீங்க." அவள் மூச்சு வாங்கினாள். "என்ன செஞ்சாவது இவரைக் கொண்டு வாங்கன்னு முப்பது வருஷம் கேட்டவ நான். இங்க இருக்கற பொம்பளைங்க எல்லாரும் கேக்கறதுதான். நீங்க சொல்றது நெசம்னா அவளைக் கொன்னது நானும்தான். பெட்டி பக்கத்துல நின்னு நீங்க சொன்னப்ப அதுதான் எனக்குக் கேட்டுச்சு."

"ஐயோ, நான் அப்படி..." என்றார் வெர்லன்.

"அவரைப் பிடிச்ச அன்னிக்கு ராத்திரி ஏசு தோட்டத்துல அழுதாரு, இது எனக்கு வேண்டாம்னு. சிலுவையில தொங்கிக்கிட்டு ஏன்னு கேட்டாரு. அவருக்கே அப்ப பதில் வரலை. எம்பொண்ணுக்கு மட்டும் மூணாம் நாளே உங்க வாய்ல பதில் வந்துடுச்சா? எனக்கு ஏன்னு தெரியாது. அவரைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். சொன்னா கேட்டுக்கறேன், சொல்லலைன்னா சாகற வரைக்கும் கேப்பேன். அவருக்குப் பதிலா நீங்க யாரும் பேசாதீங்க. அவ்வளவுதான். கை தூக்க மாட்டேன்."

அவள் உட்கார்ந்தாள். ட்ரெஸ்ஸி இப்போது அவளை இடிக்கவில்லை. தூக்கியிருந்த தன் கையைத் தானாகவே கீழே இறக்கியிருந்தாள். இன்னும் இரண்டு மூன்று பெண்களின் கைகளும் மடிக்கு வந்துவிட்டன.

முன்னால் நின்ற ஆர்லியின் பாடுதான் பரிதாபமாக இருந்தது. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "அது இல்லைன்னா..." என்றான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "அது இல்லைன்னா நான்தான், ஓனி."

"என்ன நீ?"

"அவ எனக்கு ஃபோன் பண்ணினா."

ஓனெய்டாவுக்குப் புரியவில்லை. வெள்ளம் வந்த அன்றைக்கு அவள் டவுனில் முதியோர் இல்லத்தில் வேலையில் இருந்தாள். சாலை அறுந்து இரண்டு நாள் கழித்துத்தான் வீடு வந்தாள். ஃபோன் வேலை செய்யவில்லை, மகளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை என்று அவன் சொன்னதைத்தான் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தாள்.

"விடியற நேரத்துல பண்ணினா. 'அப்பா, தண்ணி ரோட்டைத் தொட்டுடுச்சு, காரை எடுத்துக்கிட்டு அங்க வந்துடட்டுமா'ன்னு கேட்டா. நான்தான்..." அவன் உதடு கோணியது. "நான்தான் பயப்படாதேன்னு சொன்னேன். என் காலத்துல அந்தத் தண்ணி உன் படியைத் தாண்டினதில்ல, பேசாமப் படுத்துத் தூங்குன்னு சொன்னேன். சரிப்பான்னு வச்சுட்டா. நான் சொன்னா அவ கேப்பா, ஓனி. வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டா."

இதுதான் விஷயம். தேவன் ஏதோ காரணத்துக்காக எடுத்துக்கொண்டார் என்றால், படுத்துத் தூங்கு என்று சொன்ன அந்த வாய் தப்பித்துக்கொள்ளும். கொலைகாரன் ஆனாலும் பரவாயில்லை, தேவனுக்குக் கூட்டாளியாக இருந்துவிடலாம். ஓடையைத் தப்பாகக் கணித்த வெறும் அப்பனாக இருப்பதுதான் அவனால் முடியவில்லை.

யாரும் 'ஆமென்' சொல்லவில்லை. வெர்லன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அந்த மனுஷர் அன்றைக்குச் செய்த நல்ல காரியம் அதுதான்.

ஓனெய்டா எழுந்து நடந்து போனாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். அவன் சட்டையின் நெஞ்சுப்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்தாள். மூன்று மாதமாக வானத்தைப் பார்த்தே கோபப்பட்டவளுக்கு, கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு ஆள் கிடைத்துவிட்டான்.

"இதை எங்கிட்ட சொல்லலை நீ."

"சொல்லலை."

"மூணு மாசம். பக்கத்துல படுத்துக்கிட்டு."

"ஆமா."

"கடைசியா அவ குரலைக் கேட்டது நீ. அதைக்கூட எனக்குத் தரலை."

அவன் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. அடி விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று அப்படியே நின்றான். ஓனெய்டா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், இன்னொரு தடவை உலுக்கினாள், பிறகு அந்தச் சட்டையிலேயே முகத்தை வைத்துக்கொண்டு கத்தி அழுதாள். வெள்ளத்துக்குப் பிறகு யாரும் அவள் அழுது பார்த்ததில்லை. துணி கிழிகிற சத்தம் மாதிரி வந்த அந்த அழுகை ஓய வெகுநேரமாயிற்று. யாரும் பாட்டு எடுக்கவில்லை.

ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "பிரதர் வெர்லன், மறுபடியும் கேளுங்க" என்றாள்.

"எதைக் கேக்கணும் சிஸ்டர்?"

"ஓட்டு. முதல்ல வந்து நின்னாரே ஒருத்தர், கைல புள்ளையத் தூக்கிக்கிட்டு விலை குடுக்க வந்தவரு, அவரு யாருன்னே எனக்குத் தெரியாது. இந்த ஆளை எனக்குத் தெரியும். இந்த ஆள் கைல ஒண்ணுமே இல்ல. ஒண்ணும் இல்லாம வர்றவங்களுக்குத்தானே இந்த இடம்?"

ஆர்லி தலையை ஆட்டினான். "வேண்டாம் பிரதர். எனக்கு அந்த யோக்கியதை இல்ல."

"யோக்கியதை இருக்கறவங்க இங்க யாரு இருக்கா? நீ சும்மா நில்லு" என்றாள் ஓனெய்டா.

வெர்லன் கேட்டார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை, குரல் எழும்பவே இல்லை. முதலில் எழுந்தது ஓனெய்டாவின் கை. பிறகு எல்லோருடையதும் எழுந்தது. ஒரு கிழவி 'அல்லேலூயா' என்று ஆரம்பித்ததும் ஓனெய்டா தூக்கிய கையை இறக்காமலேயே திரும்பினாள். "நான் இவரை மன்னிச்சுட்டேன்னு யாரும் பாட ஆரம்பிச்சுடாதீங்க. கை சபைக்காகத் தூக்கினது. மன்னிப்பு வேற. அது வர்றப்ப வரும்." அந்தக் கிழவி வாயை மூடிக்கொண்டாள்.

ஓடை கோயிலுக்குப் பின்னால்தான். ஜூலைக்குப் பிறகு ஓனெய்டா அந்தப் பக்கம் போனதில்லை. இப்போது கணுக்கால் தண்ணீராக, பரம சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பள்ளத்தில் மட்டும் இடுப்பளவு ஆழம். கரை மரங்களில் ஆள் உயரத்துக்கு மேலே இன்னும் வெள்ளம் விட்டுப்போன துணியும் பிளாஸ்டிக்கும் சிக்கிக் கிடந்தன. சபை கரையில் நின்று பாட்டை இழுத்தது. ட்ரெஸ்ஸி கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டாள். வெர்லன் ஆர்லியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

வீட்டுக்காரி கரையில் நிற்பதுதான் முறை. ஓனெய்டாவும் கொஞ்ச நேரம் நின்றாள். பழுப்புத் தண்ணீர் புருஷனின் முழங்காலுக்கு ஏறியது, தொடைக்கு ஏறியது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கோயிலுக்குப் போட்டுக்கொண்டு வந்த செருப்போடும் உடையோடும் இறங்கிவிட்டாள். "ஓனி!" என்று ட்ரெஸ்ஸி கத்தினாள். தண்ணீர் எலும்பைக் கடித்தது. பாவாடை மிதந்து சுழன்றது. நேரே போய் ஆர்லியின் வலது கையை மணிக்கட்டுக்கு மேலே பிடித்தாள்.

"சிஸ்டர், நீங்க கரையில நிக்கணும்" என்றார் வெர்லன்.

"நிக்க மாட்டேன்."

"விடுங்க. நான் இவரை முக்கணும்."

"முக்குங்க. வேண்டாம்னு யாரு சொன்னா? நான் பிடிச்சுக்கிட்டேதான் இருப்பேன்."

வெர்லன் கரையைப் பார்த்தார். அவருக்கு உதவ யாரும் இறங்குவதாக இல்லை. பாட்டும் நின்றுவிட்டது. அவர் பெருமூச்சு விட்டுவிட்டு ஒரு கையை மேலே தூக்கினார்.

ஓனெய்டா அண்ணாந்து பார்த்தாள். குரலைத் தாழ்த்தவில்லை. கரையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. "ஆண்டவரே, இவரை நான் உம்மகிட்ட தூக்கிக் குடுக்கலை. சேத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், பாத்துக்கொள்ளும். ஒண்ணை எடுத்துக்கிட்டீர். ஏன்னு இன்னும் சொல்லலை. இவரையும் எடுத்தீர்னா, உமக்கும் எனக்கும் அப்புறம் பேச்சே கிடையாது."

"பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில்" என்று சொல்லி வெர்லன் ஆர்லியைப் பின்னால் சாய்த்தார். தண்ணீர் அவன் மார்பை மூடியது, வாயை மூடியது, கண்ணை மூடியது. ஓனெய்டாவின் கை முழங்கை வரைக்கும் உள்ளே போயிற்று. அவள் விரல்கள் வெளுத்துப்போகிற அளவுக்கு இறுகின.

அவன் எழுந்தான். இருமினான், துப்பினான், தண்ணீர் வழிகிற முகத்தோடு தன் கையைப் பார்த்தான். "இன்னும் பிடிச்சிருக்கியா?" என்றான்.

"நட வீட்டுக்கு" என்றாள் ஓனெய்டா. "உங்கிட்ட நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."